பயணத்தில் வயிறு கெடாமல் சத்தாகச் சாப்பிடுவது எப்படி?

பசியை அடக்கி அடக்கி வைத்துவிட்டு, கடைசியில் கண்ணில் பட்டதை வாங்கித் தின்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. பையில் ஒரு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ, தோலுரித்துச் சாப்பிடுகிற பழமோ எப்போதும் இருக்கட்டும். வெளியே சாப்பிட்டால் ஆவி பறக்கச் சூடாகக் கேளுங்கள், ஏனென்றால் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், சமைத்து 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தது எவ்வளவு மணந்தாலும் வேண்டாம். நறுக்கி வைத்த பழமும் அப்படித்தான். அப்புறம் தண்ணீர்: வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று பலர், பாவம், குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள், அதிலேயே தலைவலியும் மலச்சிக்கலும் வந்துவிடும். விமானத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், அங்கே தாகத்துக்குக் காத்திருக்காமல் அவ்வப்போது நாலு மடக்கு குடித்துக்கொண்டே இருங்கள்.