தவளை வராத குளம்: தண்ணீரைவிட முக்கியம் கரை

நோர்வூட் பக்கமிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார்: "எங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியில் போன வருஷம் சீமெந்தில் ஒரு சின்னக் குளம் கட்டினோம். 5 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். கப்பியும் தங்கமீனும் விட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தவளை பார்க்க ஆசை. இன்றுவரை ஒன்றும் வரவில்லை. தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையில் தவளை பிடித்து வந்து விடலாமா? தவளை வந்தால் பாம்பும் வரும் என்று மாமியார் பயப்படுகிறார். டெங்கு பரிசோதனைக்கு வரும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) என்ன சொல்வாரோ என்ற யோசனையும் இருக்கிறது."

முதலில் பீலிக்கரை விஷயம். தயவுசெய்து பிடித்து வராதீர்கள். வேறு நாடுகளில் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய் பல தவளை இனங்களை அடியோடு அழித்திருக்கிறது. தவளையையோ அதன் முட்டையையோ இடம் மாற்றும்போது இப்படிப்பட்ட நோயும் கூடவே போகும். நம் நாட்டில் பல தவளை இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. பிடித்து வந்தாலும், இடம் சரியில்லை என்றால் இரண்டு இரவில் எழுந்து போய்விடும். இடம் சரியாக இருந்தால் அழைக்காமலே வரும்.

இலங்கையில் 120க்கு மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் பாதிக்கு மேல் புதர்த்தவளைகள், நகத்தளவிலிருந்து கட்டைவிரலளவு வரை இருக்கும் சின்ன உயிர்கள். மலையகத்தில் இரவில் 'டிக்... டிக்' என்று செடிக்குள்ளிருந்து கேட்கிறதே, பெரும்பாலும் அவைதான். இந்தப் புதர்த்தவளைகள் முட்டையிடக் குளத்துக்கு வருவதே இல்லை. பெண் தவளை ஈரமண்ணில் சின்னக் குழி பறித்து, முட்டைகளை இட்டு, மண்ணோடு கலந்து மூடிவிட்டுப் போய்விடும். சில இனங்கள் இலைக்கு அடியில் ஒட்டிவைக்கும். தலைப்பிரட்டை (பள்ளிப் புத்தகத்தில் வாற்பேத்தை) என்ற பருவம் வெளியே கிடையாது. முட்டைக்குள்ளேயே உருமாறி, அரிசி அளவில் முழுத் தவளையாகவே வெளியே வரும்.

ஆகவே மலையகத்தில் தவளை வேண்டும் என்றால் குளத்தைவிட அதைச் சுற்றியிருக்கும் ஈரநிலம்தான் முக்கியம். உங்கள் குளத்தைச் சுற்றி சீமெந்துத் தரையோ பெருக்கித் துடைத்த செம்மண்ணோ இருக்கும் என்று நினைக்கிறேன். வாசலைத் துப்புரவாக வைப்பது நம் பழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அந்தத் துப்புரவில் புதர்த்தவளைக்கு ஒதுங்க இடமில்லை.

இந்தப் புதர்த்தவளை இனங்களில் பதினைந்துக்கும் மேற்பட்டவை அழிந்துபோனவையாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. காடு தேயிலையாக மாறியபோது போனவையும் அதில் உண்டு. அதே சமயம், 1853இல் விவரிக்கப்பட்டு, பிறகு யார் கண்ணிலும் படாமல் போன நட்சத்திரப் புள்ளிப் புதர்த்தவளையை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மறுபடி கண்டார்கள். உங்களுக்குப் பக்கத்து மலை அது. உங்கள் வாசலுக்கு அது வராது, அதற்கு அடர்காடு வேண்டும். ஆனால் அதன் சொந்தக்காரர்கள் வரக்கூடிய தூரத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்வது? குளத்தின் ஒரு பக்கமாக, வாசலிலிருந்து தள்ளி, நான்கைந்து அடி அகலத்துக்கு ஒரு மூலையை விட்டுவிடுங்கள். அங்கே பெருக்க வேண்டாம். ஏலச்செடி, சேம்பு, பெரணி, வசம்பு என்று முழங்கால் முதல் இடுப்பு வரை வளர்பவற்றை நெருக்கமாக நடுங்கள். ஆண் தவளை அந்த உயரத்து இலையில் உட்கார்ந்துதான் கூப்பிடும். அடியில் காய்ந்த இலையும் கொஞ்சம் மானாப்புல்லும் மூடாக்காகப் போடுங்கள். கரையோரம் வல்லாரை படர்ந்தால் வீட்டுக்குச் சம்பலும் ஆகும். வெயில் நாட்களில் மாலையில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் போதும். ஆகாயத்தாமரையை (சிங்களத்தில் ஜப்பான் ஜபர) மட்டும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். 1909இலேயே சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்த செடி அது.

குளத்துக்கு வரும் தவளைகளும் இருக்கின்றன. தேரை தண்ணீரில் மாலை மாதிரி நீளமாக முட்டையிடும். மரத்தவளை தண்ணீருக்கு மேலே இருக்கும் இலையிலோ சுவரிலோ வெள்ளை நுரைக்கூடு கட்டும். தண்ணீர் டாங்கிச் சுவரில் சவர்க்கார நுரை மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறோம். விட்டுவிட்டால் சில நாளில் குஞ்சுகள் அதிலிருந்து தண்ணீருக்குள் சொட்டும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விஞ்ஞான பாடம் கிடைக்காது.

இவற்றுக்கு உங்கள் குளத்தில் இரண்டு தடை. ஒன்று மீன். தங்கமீன் முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும், கப்பியும் குட்டியாக இருப்பவற்றை விடாது. மீனை எடுத்து, தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள். ஓயாவில் கொட்டிவிடாதீர்கள், அங்கிருக்கும் நம் மீன்களுக்கும் தவளைகளுக்கும் அது கேடு. இன்னொன்று செங்குத்தான சுவர். கால் முளைத்த குஞ்சு ஏறி வெளியே வர முடியாமல் மூழ்கிச் சாகும். ஒரு மூலையில் அடியிலிருந்து விளிம்பு வரை கற்களைச் சரிவாக அடுக்குங்கள். இரண்டடி ஆழம் தேவையில்லை, ஒன்றரை அடிக்கும் குறைவாகத் தண்ணீர் நின்றாலே தாராளம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஆழம் எவ்வளவு குறைந்தாலும் மேலே கம்பி வலை அவசியம். குஞ்சு நுழைந்து போகிற அகலத்தில் கண் இருக்கட்டும்.

தண்ணீர் மழைத்தண்ணீராக இருப்பது நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு வாளியில் இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். தேயிலை மலையிலிருந்து வரும் கான் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பவே வேண்டாம். புல்லுக்கு அடித்த மருந்து அதில் வரும், தவளை தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுகிற உயிர். உங்கள் மரக்கறிப் பாத்தியிலும் மருந்தடிப்பதை விட வேண்டியிருக்கும்.

நுளம்புக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டு வளவில் நுளம்பு பெருகினால் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பி.எச்.ஐ. கேட்பது நியாயம். தலைப்பிரட்டை நுளம்புக் குடம்பியைத் தின்று தீர்க்கும் என்று சொல்வதை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது பாசிதான் தின்கிறது. குடம்பியைத் தின்பது தும்பியின் குஞ்சும் நீர்ப்பூச்சிகளும். தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாலு கோரைத் தண்டு இருந்தால் தும்பி தானாக வந்து முட்டையிடும். அவை நிலைகொள்ளும் வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேயிலை வடியால் தண்ணீரை அலசிக் குடம்பியை எடுத்துவிடுங்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், ஆகவே ஒரு ஞாயிறும் தவறக் கூடாது. அந்த வேலை உங்களால் முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை: மீனைக் குளத்திலேயே விட்டுவிட்டு, நான் சொன்ன ஈர மூலையை மட்டும் செய்யுங்கள். புதர்த்தவளைக்குக் குளம் தேவையில்லையே.

மாமியாரின் பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். தவளை இருக்கும் இடத்துக்குத் தண்ணீர்ப்பாம்பு எப்போதாவது வரலாம். அதற்கு விஷமில்லை, விட்டால் போய்விடும். நான் கவலைப்படுவது சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும் கூர்மூக்கு விரியனை நினைத்து. சிங்களத்தில் குனகட்டுவா என்பார்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அதைத் தெரியும். சின்னப் பாம்புதான், ஆனால் சிலருக்கு அதன் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கும், அதற்கென்று தனி மாற்று மருந்தும் நம் ஆஸ்பத்திரிகளில் இல்லை. அதனால்தான் அந்த மூலையை வாசலிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன். எல்லைக்கு ஒரு வரிசை கல் வையுங்கள். சருகுக்குள் கை விடாதீர்கள், கம்பால் கிளறுங்கள். இரவில் டோர்ச்சும் மூடிய சப்பாத்தும் இல்லாமல் யாரும் அங்கே போகக் கூடாது. சோற்று மிச்சத்தைக் கொட்டி எலியை வரவழைக்காதீர்கள். கடித்துவிட்டால் நாட்டு மருந்துக்கு நேரம் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மண் வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய காணியில் குளத்தின் இடம் ஒரு பாதுகாப்பு விஷயம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மேட்டின் விளிம்பிலோ அடிவாரத்திலோ குளம் இருந்தால், அதில் வெடிப்பு இருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்று இன்றே பாருங்கள். நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு கானுக்குள் போக வேண்டும், மண்ணுக்குள் இறங்கக் கூடாது. நிலத்தில் புதிதாக வெடிப்பு தெரிந்தால் குளத்தை வடித்துவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கிராம சேவகருக்கோ அறிவியுங்கள். அப்படிப்பட்ட காணியில் ஒரு பழைய பேசின் போதும், குளம் வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் ஏப்ரல் மழைக்கு முன் நடுகை முடியட்டும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும்போது செடி வேர் பிடித்திருக்கும். (பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்கள் ஒக்டோபருக்கு முன் செய்யலாம்.) முதலில் தும்பி வரும். கல் சரிவில் தண்ணீர் மெல்லிசாக நிற்கும் இடத்தில் கொண்டைக்குருவி குளிக்க வரும். தவளைக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுங்கள். நல்ல மழை விட்ட இரவு ஏழு மணிக்கு வெளி விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு படியில் பத்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். சத்தம் கேட்கும் செடியை விடிந்ததும் அடையாளம் வையுங்கள், அந்தப் பக்கம் மண்ணைக் கொத்த வேண்டாம்.