பென் டிரைவிலிருந்து மெய்நிகர் கணினியை இயக்க முடியுமா?

முடியும். மெய்நிகர் கணினி (விர்ச்சுவல் மெஷின்) என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. அதன் வன்தட்டு முழுவதும் உண்மையில் ஒரு பெரிய கோப்புதான். கோப்பு என்பதால் அதை யூஎஸ்பியில் எடுத்துச்செல்லலாம்.

சொந்தப் பாத்திரம், மளிகையுடன் கல்யாண மண்டபத்துக்கு வரும் சமையல்காரரைப் போன்றது இது. அடுப்பு மண்டபத்துடையது. அதுபோல ப்ராசஸரும் நினைவகமும் நீங்கள் உட்காரும் கணினியுடையவை.

பலர் தடுமாறுவது அனுமதியில்தான். மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் இயங்க அந்தக் கணினியில் டிரைவர் (இயங்குதளத்தோடு இணைந்து வேலை செய்யும் துணை மென்பொருள்) நிறுவப்பட வேண்டும். அதற்கு நிர்வாகி உரிமை தேவை. அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான கியூஎமுவை நிறுவாமலே இயக்கலாம், ஆனால் ப்ராசஸரின் நேரடி உதவி கிடைக்காதபோது மிகவும் மெதுவாக ஓடும்.

அடுத்தது வேகம். இயங்குதளம் ஓயாமல் சிறுசிறு துண்டுகளாக எழுதும். சாதாரண பென் டிரைவ்கள் அதில் பலவீனமானவை. யூஎஸ்பி 3.0 இணைப்புள்ள வெளிப்புற எஸ்எஸ்டி (வேகமான சேமிப்புக் கருவி) வாங்குவதே நல்லது என்பேன். டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32 வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றுங்கள். மெய்நிகர் கணினியை முழுமையாக அணைக்காமல் டிரைவைப் பிடுங்காதீர்கள், கோப்பு சிதையலாம்.

எல்லாம் யூஎஸ்பிக்குள் இருப்பதால் பொதுக் கணினியிலும் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு: நீங்கள் தட்டும் கடவுச்சொல் அந்தக் கணினி வழியாகவே உள்ளே போகிறது, அங்குள்ள உளவு மென்பொருள் அதைப் படித்துவிடும்.