கவர் எட்டவில்லை என்று வண்டியைத் துளைக்கலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, தாத்தா வைத்திருந்த 1965 எம்ஜிபி, இரண்டு சீட்டு, திறந்த வண்டி. ஒன்றரை வருடம் பட்டறையில் கிடந்து போன மாதம்தான் பெயின்ட் முடிந்து வீட்டுக்கு வந்தது. சீட்டுப் பகுதியை மூட, வெளிநாட்டு ஒரிஜினல் என்று சொல்லி ஒரு பார்ட்ஸ் ஆள் கறுப்பு ரெக்ஸின் கவர் வாங்கித் தந்தார். பின்பக்கம் பட்டன் எல்லாம் சரியாக மாட்டுகிறது. முன்னால், கண்ணாடிக்குக் கீழே, வலது பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் எட்டவே இல்லை. இடது பக்கம் தொளதொளவென்று புடைத்து நிற்கிறது. கவரின் பட்டனை மாட்ட வண்டித் தகட்டில் இருக்கிற முளையைக் கழற்றிப் பின்னால் தள்ளிப் புதிதாக ஓட்டை போட்டுவிடலாம் என்கிறார் சீட் கவர் கடைக்காரர். வண்டியைத் தொடவே கூடாது என்கிறார் பெயின்டர். யார் பேச்சைக் கேட்பது? இந்தக் கவர் மழைக்குத் தாங்குமா? இதற்கு ஆர்டிஓவில் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமாமே?"

தம்பி, பெயின்டர் பேச்சைக் கேளுங்கள். டிரில் மெஷினை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டு, கவரை வண்டி மேல் விரித்து, அந்தப் புடைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். இடது பக்கம். உங்கள் ஸ்டியரிங் எந்தப் பக்கம்? வலது பக்கம். இவ்வளவுதான் விஷயம், இரண்டு அங்குலக் கணக்கு இதிலேயே தீர்ந்துபோகிறது.

இதை டானோ கவர் என்பார்கள். ஸ்டியரிங் வளையம் டாஷ்போர்டு மட்டத்தைவிட உயர்ந்து நிற்பதால், அந்த இடத்தில் துணியைப் பை மாதிரி மேடாகத் தைத்திருப்பார்கள். உங்களுக்கு வந்திருப்பது இடது ஸ்டியரிங் வண்டிக்குத் தைத்தது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டனில் செய்த வண்டி, ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அதனால் இன்றைக்கும் அந்த வண்டிக்கு உதிரி பாகம் தேடினால் முதலில் கையில் மாட்டுவது அமெரிக்கச் சரக்குதான். பிஸ்டன், பிரேக் ஷூ என்றால் இடது வலது பார்க்க வேண்டியதில்லை. கவருக்குப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் வலது பக்கம் வளையம் துணியை மேலே தூக்குகிறது, தூக்கிய அளவு முன்னால் குறைகிறது. இடது பக்கம் வளையமே இல்லாத இடத்தில் பை காலியாகப் புடைத்து நிற்கிறது. நீங்கள் முளையைத் தள்ளி வைத்தாலும், இழுத்து மாட்டிய துணி வளையத்தின் மேல் உரசி உரசி ஆறு மாதத்தில் அங்கேயே கிழியும். அப்போது கிழிந்த கவரும் இருக்கும், புதுப் பெயின்டில் ஓட்டையும் இருக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஜீப்புக்குப் படுதா கட்டிப் பழகியவர், ஜீப்பில் எட்டவில்லை என்றால் கொக்கியைத் தள்ளி அடிப்பதுதான் வழக்கம். எனக்குக் கோபமெல்லாம் அந்தப் பார்ட்ஸ் ஆள் மேல்தான். பழைய வண்டி வைத்திருப்பவர் யார் என்று மோப்பம் பிடித்து, "ஒரிஜினல்", "இதுதான் கடைசிப் பீஸ்", "கஸ்டம்ஸில் எவ்வளவு ஆச்சு தெரியுமா" என்று இந்த மூன்று வாக்கியத்தை வைத்தே பிழைக்கிற கூட்டம் ஒன்று மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை சுற்றுகிறது. 1965இல் வண்டியோடு வந்த கவர் இன்றைக்கு எங்கே இருக்கும்? வருவதெல்லாம் இப்போது தைப்பதுதான், அதில் தப்பில்லை, ஒரிஜினல் என்று சொல்வதுதான் தப்பு. கஸ்டம்ஸ் கட்டினேன் என்றால் ரசீது கேளுங்கள். ரசீது கேட்டால் பேச்சு மாறும், பாருங்கள். இன்னொன்று, வண்டியின் வருடமும் ஸ்டியரிங் பக்கமும் கேட்காமல் கவர் விற்கிறவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு வண்டி தெரியாது. ஹெட்ரெஸ்ட் உள்ள பிந்தைய எம்ஜிபிக்குத் தைத்த கவரில் சீட்டுக்கு மேலேயும் இரண்டு மேடு இருக்கும். உங்கள் 65 வண்டியில் ஹெட்ரெஸ்ட் கிடையாது, அந்த மேடு வந்திருந்தால் மழைத் தண்ணீர் தேங்க இரண்டு கிண்ணம் இலவசம். நல்லவேளை, உங்களுக்கு அது வரவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? கவரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். வாங்க மாட்டான். அப்படியானால் உள்ளூரிலேயே மாற்றித் தைக்கலாம்: இடது பக்கப் பையைப் பிரித்தெடுத்துத் தட்டையாக ஒரு துண்டு வைத்து, வலது பக்கம் புதிதாகப் பை. தையல் தெரிந்தவருக்கு இது ஒரு நாள் வேலை. ஆனால் ரெக்ஸினில் பழைய ஊசித் துளை மறையாது என்பதால் தையல் கோடு தெரியும். அது பிடிக்கவில்லை என்றால் புதிதாகவே தைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அளவு எடுக்க டேப் போதாது. பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து, ஸ்டியரிங் இருக்கிறபடியே இருக்க, வண்டி மேல் விரித்து, பெயின்டைக் கெடுக்காத மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஒவ்வொரு முளை இருக்கும் இடத்திலும் பென்சிலால் புள்ளி வைத்து, வளையத்தின் மேல் சுருக்கம் விழுகிற இடத்தைக் குண்டூசியால் மடித்துக் குத்திக் கொடுங்கள். அதை வைத்துத்தான் வெட்ட வேண்டும். நடுவில் முன்னும் பின்னுமாக ஜிப் வரும், ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் திறந்துகொண்டு போக. உவரி, மணப்பாடு பக்கம் கடற்கரைக்கு ஓட்டிப் போகிற ஆள் என்றால் பித்தளை ஜிப் வேண்டாம், உப்புக் காற்றில் பச்சை பூத்து இறுகிவிடும், பெரிய பல் உள்ள பிளாஸ்டிக் ஜிப் கேளுங்கள். நூல் பருத்தி வேண்டாம், நம்மூர் வெயிலில் மட்கிவிடும். பாலியஸ்டர் நூல்.

துணியில் பட்டன் போடுவது கடைசி வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற நல்ல கவரில் முன்வரிசைப் பட்டனைத் தனியாக ஒரு பொட்டலத்தில் போட்டு அனுப்பிவிடுவார்கள், அதைப் பார்த்து "பட்டனே போடாமல் ஏமாற்றிவிட்டான்" என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. வண்டிக்கு வண்டி முளை கொஞ்சம் தள்ளியிருக்கும் என்பதால்தான் அப்படி. முன்னால் நடு முளை, பின்னால் நடு முளை, அப்புறம் வலது ஒன்று இடது ஒன்று என்று மாறி மாறி ஓரத்துக்குப் போக வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக மாட்டிக்கொண்டே போனால் கடைசி மூலையில் எல்லாக் கோணலும் வந்து குவியும்.

வெயில் விஷயம் ஒன்று. வெயிலில் வைத்து நன்றாக இழுத்து மாட்டு என்று வெளிநாட்டு வழிமுறைத் தாளில் போட்டிருக்கும். அவர்கள் ஊர் வெயில் நம்மூர் மார்கழிக் காலை. இங்கே சித்திரை மதியம் ரெக்ஸினை இழுத்தால் அல்வா மாதிரி நீளும், மறுநாள் விடியற்காலையில் இறுகி முளையைப் பிடித்து இழுக்கும். காலை எட்டு மணிக்குள் பத்து நிமிடம் வெயிலில் விரித்து, மடிப்பு விட்டதும் மாட்டுங்கள். கையால் அழுத்தினால் சற்றே உள்ளே போய் வர வேண்டும், மத்தளம் மாதிரி விறைப்பு வேண்டாம். கேன்வாஸில் தைப்பதாக இருந்தால் வெட்டும் முன்பே ஒரு தடவை நனைத்து உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையில் சுருங்கி, மறுபடி "இரண்டு அங்குலம் எட்டவில்லை" என்று எனக்கு எழுதுவீர்கள்.

இந்த முன்வரிசைப் பட்டனில் ஒரு நுணுக்கம். சதுரமாக, ஒரு பக்கம் மட்டும் சிறு புள்ளி புடைத்திருக்கும், லிஃப்ட் தி டாட் என்று பெயர். மூன்று பக்கம் முளையைக் கவ்வும், புள்ளி உள்ள பக்கத்தைத் தூக்கினால் மட்டும் விடும். அந்தப் புள்ளி துணியின் விளிம்பைப் பார்த்து வர வேண்டும். உள்பக்கம் பார்க்க அடித்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் துணியைப் பிய்த்துத்தான் கழற்ற முடியும். கடைக்காரர் அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

ஓட்டையே போடக் கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பட்டறையில் வண்டியை உரிக்கும்போது பழைய முளைகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போடுவார்கள், டப்பா தொலைந்துபோகும். அப்புறம் பெயின்டுக்கு முன் பட்டி பார்க்கிறவர், அந்த ஓட்டை எதற்கென்று தெரியாமல் பட்டியை வைத்து அடைத்துத் தேய்த்துவிடுவார். மேலே பார்த்தால் பளிங்கு. உங்களுக்கு முன்னால் முளை இருக்கிறது. ஆனால் கதவு ஓரத்திலும் பின் மூலையிலும் எல்லாமே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், கவரில் உள்ள பட்டனைவிட முளை குறைவாக இருந்தால் அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டார்ச் எடுத்துக்கொண்டு தகட்டின் அடிப்பக்கம் படுத்துப் பாருங்கள், பட்டி பிதுங்கி உலர்ந்த சின்ன மொட்டு தெரியும். மேல்பக்கம் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்தினால் அந்த இடத்தில் பிடி தளரும். அப்படி ஓட்டை இருந்த இடம் உறுதியாகத் தெரிந்தால் அதை மட்டும் மறுபடி திறக்கலாம், அது புது ஓட்டை ஆகாது, வண்டியின் சொந்த ஓட்டை. மேலே மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, அதன் மேல் குறித்து, 3 மி.மீ.க்கும் குறைந்த பிட்டால் மெதுவாக, அடியில் ஒயரோ பைப்போ போகவில்லை என்று கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகு. பிசிறைச் சீவி, ஓட்டையின் விளிம்புக்கு ஒரு சொட்டு பிரைமர், அது காய்ந்த பின் மெழுகு அல்லது கிரீஸ் தடவி ஸ்க்ரூ. அந்தச் சொட்டு பிரைமருக்குச் சோம்பல்பட்டால் முளையைச் சுற்றி அடுத்த ஐப்பசிக்கே துரு வட்டம் போடும். ஓட்டையை வெல்டிங் வைத்தே மூடியிருந்தால் விட்டுவிடுங்கள், அந்த ஒன்றிரண்டு பட்டன் இல்லாமலே கவர் நிற்கும்.

பெயின்ட் போன மாதம்தான் முடிந்தது என்கிறீர்கள். வெளியே வந்து ஒரு மாதம் முழுசாக ஆகும் வரை கவரை மாட்டியே வைக்காதீர்கள், ஈரம் இன்னும் உள்ளே இருக்கும், ரெக்ஸின் தடம் பதியும். தேரிக்காட்டுப் பக்கம் போய் வந்தால் மாட்டும் முன் விளிம்பைத் துடையுங்கள். ஆடிக் காற்றில் கவர் படபடக்கும்போது அடியில் சிக்கிய செம்மணல் உப்புத்தாள் வேலை பார்க்கும்.

மழைக்குத் தாங்குமா என்றால், தாங்காது. வழியில் தூறல் போட்டால் சீட்டைக் காக்கும், நிறுத்திய வண்டியில் தூசியும் காகத்தின் எச்சமும் படாமல் காக்கும், அதற்குத்தான் இது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒரு திறந்த வண்டி என்னிடம் வந்தது. தண்ணீர் தரை வழியாக ஏறியிருக்கிறது, வடிந்த பிறகும் கவரைக் கழற்றாமல் பத்து நாள் பூட்டி வைத்திருக்கிறார்கள். திறந்தால் சீட்டெல்லாம் இட்லித் துணி மாதிரி வெள்ளைப் பூஞ்சை. நனைந்தால் உடனே கழற்றி, சீட்டும் காய்ந்து, கவரும் காய்ந்த பிறகே மறுபடி.

ஆர்டிஓ கேள்வி. யார் சொன்னது என்று ஊகிக்க முடிகிறது, அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறவர்தானே? கழற்றி மாட்டுகிற துணிக்கு எந்தத் தாளும் வேண்டாம். ஆர்.சி.யில் எழுதியிருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால்தான் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வரும். 2021இல் வந்த பழம்பெரும் வண்டி விதியும், ஐம்பது வருடம் தாண்டிய வண்டியின் சேஸி, பாடி, எஞ்சினை மாற்றாதே என்கிறது, கவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் விதியை விண்டோவில் இருப்பவரும் படித்திருக்க மாட்டார், நம்மையும் படிக்க விட மாட்டார், அந்த இடைவெளியில்தான் வேப்பமரத்தடி வியாபாரம் நடக்கிறது. போகாதீர்கள்.

கவரைக் கழற்றினால் மடிக்காமல் பத்தமடைப் பாய் மாதிரி சுருட்டி வையுங்கள், மடித்த ரெக்ஸின் மடிப்பிலேயே வெடிக்கும். வேட்டியில் அளவு எடுத்த பிறகு வளையத்துப் பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன்.