தொடையிடுக்கு வலி: கோட் எண்ணை விடுங்கள், 'எத்தனை நாளாக' என்பதைப் பாருங்கள்

குடியாத்தத்தில் தறி ஓட்டும் வாசகர் கேட்கிறார்: வலது தொடையிடுக்கு வலிக்குப் போனபோது ஓ.பி. சீட்டில் ஆர்10.3 என்று நோய்க்கான கோட் எண் போட்டார்கள். ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் முடிந்து வந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் கே40.9. கோட் மாறியதால்தான் இன்சூரன்ஸ் கிளைம் நிற்கிறது, 3,000 ரூபாய் தந்தால் சரிசெய்கிறேன் என்கிறார் ஒரு தரகர். தரலாமா?

தராதீர்கள். இரண்டு கோடும் சரிதான். ஆர்10.3 அடிவயிற்று வலி என்ற அறிகுறிக்கானது. காரணம் உறுதியாகாத நாளில் அதைப் போடுவதே முறை. குடலிறக்கம் என்று உறுதியானதும் கே40.9 வரும். குடல் அடைத்திருந்தால் கே40.3. இந்த எண்களில் வலது, இடது தெரியாது. ஆகவே பக்கத்தை எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்; ஸ்கேனில் வலது, ஆபரேஷன் குறிப்பில் இடது என்றிருந்தால் ஃபைல் அங்கேயே நிற்கும்.

பெரும்பாலும் வம்பு வருவது 'எத்தனை நாளாக' என்ற இடத்தில். டியூட்டி டாக்டர் அவசரத்தில் 3/52 என்று எழுதுவார். அது மூன்று வாரம். 3/12 என்றால் மூன்று மாதம், 3/7 என்றால் மூன்று நாள். சம்மரி அடிப்பவர் அதை 'மூன்று வருடம்' ஆக்கிவிட்டால், பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று இன்சூரன்ஸ் கம்பெனியார் கை விரித்துவிடுவார்கள். மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டால் தெளிந்துவிடும். அதைக்கூடச் செய்யாமல் நிராகரிப்புக் கடிதம் அனுப்புகிறார்கள்.

மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில் அட்மிஷன் கேஸ் ஷீட் நகல் கேளுங்கள். தவறு இருந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவரே, பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். ஒயிட்னர் பட்ட தாள் செல்லாது. ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடு லெட்டர்ஹெட்டில் விளக்கக் கடிதமும் வாங்குங்கள். உண்மையிலேயே மூன்று வருட வலி என்றால் மாற்றி எழுதச் சொல்லாதீர்கள்.

பாலிசி தேதியையும் பாருங்கள். பல பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. அதற்குள் செய்த ஆபரேஷனை எந்தக் கோடும் காப்பாற்றாது. விபத்தால் வந்ததற்கு மட்டும் பொதுவாக இந்தக் காத்திருப்பு கிடையாது. தரகர் பிடித்துக்கொள்வது இதைத்தான்: 'தறியின் பாவு உருளை தூக்கும்போது விழுந்தேன் என்று எழுதிக்கொடுங்கள்.' உண்மையில் விழுந்திருந்தால், எந்த நாள், எத்தனை மணி, எப்படி என்பதெல்லாம் முதல் ஓ.பி. சீட்டிலேயே இருக்கும். குடலிறக்கம் அந்த அடியால் வந்தது என்று அறுவை நிபுணரும் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பின்னால் சேர்த்தால் அது மோசடி. பாலிசியே ரத்தாகும், வீட்டில் மற்றவர்களுக்கு இருந்த பாதுகாப்பும் போகும்.

தாள்கள் சரியாக இருந்தும் மறுத்தால், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.