'கேமரன் கோஸ்' என்று அட்டை மாட்டினால் போதுமா?

கேள்வி: உள்ளூர் விவசாயிகளிடம்தான் வாங்க வேண்டும் என்று என் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். எங்கள் காலைச் சந்தையில் ஒரு கடைக்காரர் 'கேமரன், ஆர்கானிக்' என்று அட்டையில் எழுதி, பக்கத்துக் கடையைவிட இரண்டு மடங்கு விலைக்கு முட்டைக்கோஸ் விற்கிறார். நம்பி வாங்கலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அட்டையை விடுங்கள், சகோதரி. மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள். மலேசியாவின் குளிர்மலையான கேமரனில் விளைவது போக, சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்கூட நமக்குக் கோஸ் வருகிறது. ஃபாமா எனப்படும் கூட்டரசு விவசாயச் சந்தை வாரியத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, காய்கறி வரும் பெட்டியிலோ பையிலோ விளைந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். நானே ஒருமுறை 'கேமரன் காரட்' என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் பையைக் கவிழ்த்தபோது சீன எழுத்து ஒட்டுத்தாளைப் பார்த்து விழித்திருக்கிறேன்.

'ஆர்கானிக்' என்ற சொல்லைக் கடைக்காரர் இஷ்டத்துக்கு எழுத முடியாது. அதற்கு எம்எஸ் 1529 என்ற மலேசியத் தரம் உண்டு. விவசாயத் துறை மைஆர்கானிக் சான்றிதழ் தருகிறது. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல விவசாய நடைமுறைக்குத் தரும் மைகேப் முத்திரையைக் காட்டினால் அது வேறு. அங்கே பூச்சிமருந்து உண்டு, அளவோடு தெளிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நல்ல முத்திரைதான், ஆனால் இரட்டிப்பு விலைக்கு அது காரணமாகாது. விளைந்த இடத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம்.

பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். கோஸ் கேமரனிலிருந்தே வந்தாலும் அதனால் மண்ணுக்கு நல்லது என்று ஆகிவிடாது. தோட்டம் போட மலைச்சரிவை வழித்த மண் ஆற்றில் இறங்கி, ரிங்லெட் நீர்த்தேக்கம் சேறு தட்டிக் கிடப்பது ஊரறிந்த கதை. குளிர் கேட்கும் காயைத் தேடி அலைவதைவிட, நம் வெயிலிலேயே விளையும் வெண்டை, கத்தரி, பயிற்றங்காய், பாகற்காய், கங்குங் கீரை, முருங்கைக்கீரை ஆகியவற்றை வாங்குங்கள். விலையும் பெரும்பாலும் கையைக் கடிக்காது. ஃபாமா நடத்தும் பாசார் தானி என்ற உழவர் சந்தைக்கும் போகலாம். ஆனால் அங்கேயும் வாய் திறந்து கேளுங்கள்: "சொந்தத் தோட்டமா, வாங்கி விற்கிறீர்களா?" நான் கேட்பது வேறொன்று: "எப்போது வெண்டை கிடைக்காது?" பயிரிடுபவர் உடனே சொல்லிவிடுவார். "எப்போதும் கிடைக்கும்" என்பவர் வியாபாரி. அதில் தப்பில்லை, விவசாயிக்குத் தரும் விலையை அவர் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: பேரங்காடியை விட்டு, தெருமுனை மளிகைக் கடையில் வாங்கினால் அதுவும் உள்ளூர் ஆதரவுதானே?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கடைக்காரருக்கு ஆதரவு, சரி. பொருள் உள்ளூர் என்று மட்டும் நினைக்காதீர்கள். பருப்பும் காய்ந்த மிளகாயும் கடல் தாண்டி வருபவை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது அந்தச் சூடு நம் மளிகைக் கடைகளிலும் தெரிந்தது.

அந்தக் கடையின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. இருநூறு கிராம் பருப்பு, ஒரு பிடி கறிவேப்பிலை என்று தேவைக்கு மட்டும் வாங்கலாம். ஒரு கிலோ பாக்கெட்டை வாங்கி வண்டு பிடிக்கவிட வேண்டாம். உங்கள் பினாங்கு மாநிலத்தில் 2011 முதல் வாரம் முழுவதும் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்பதால் துணிப்பை எப்படியும் கையில் இருக்கும். கூடவே மூடிபோட்ட டப்பாவும் கொண்டு போங்கள். பருப்பைக் கொட்டுவதற்கு முன் வெறும் டப்பாவைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டப்பாவுக்கும் சேர்த்துப் பருப்பு விலை கொடுப்பீர்கள்.