அல்டிமா கத்தோலிக்கரா, பழங்குடி மரபினரா?

வணக்கம். ருடோல்ஃபோ அனயாவின் 'பிளெஸ் மீ, அல்டிமா' (1972) நாவலில் வரும் நாட்டு மருத்துவச்சி அல்டிமா கத்தோலிக்கரா, பழங்குடிச் சமயத்தவரா என்று முடிவு செய்த பிறகே ஆய்வேட்டின் அடுத்த இயலை எழுதுமாறு நெறியாளர் சொன்னதாகக் கூறி, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவை எடுக்காதீர்கள். கேள்வியே நாவலைக் குலைக்கிறது.

அல்டிமா, தான் தங்கியிருக்கும் சிறுவன் அன்டோனியோவின் குடும்பத்தோடு திருப்பலிக்குப் போகிறாள். அதே அல்டிமாதான், பாதிரியாரின் ஆசி பலிக்காமல் போன பின், சூனியத்தில் நலிந்து கிடக்கும் அவனுடைய லூக்காஸ் மாமனைக் குணப்படுத்துகிறாள். இரண்டும் அவளுக்குள் சண்டையின்றி வாழ்கின்றன. சண்டை அன்டோனியோவுக்குள்தான். புதுநன்மை (முதல் முறை பெறும் நற்கருணை) வாங்கியதும் கடவுள் பேசுவார் என்று காத்திருக்கிறான், மௌனமே கிடைக்கிறது. ஆனால் தெய்வமென்று சொல்லப்படும் பொன்மீனை ஓடையில் கண்டபோது அவன் மனம் நிறைந்திருந்தது. உங்கள் இயலின் உயிர் இந்த இரு காட்சிகளில் இருக்கிறது. இவற்றை வரிவரியாக வாசியுங்கள்.

கோட்பாட்டுக்குத் தெரேசா டெல்கடியோவின் 'ஸ்பிரிச்சுவல் மெஸ்டிசாஹே' (ஆன்மிகக் கலப்பு, 2011) மிகவும் உதவும். சிக்கானா (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண்கள்) எழுத்தில் ஆன்மிகத்தை இனம், பாலினம், தேசம் ஆகியவற்றோடு பிணைத்துப் படிக்கும் ஆய்வு அது. அதன் வேர் குளோரியா அன்ஸால்டுவாவின் 'பார்டர்லேண்ட்ஸ்' (1987). மெக்சிகோவில் வணங்கப்படும் குவாடலூப்பே மரியன்னைக்குப் பின்னால், அந்நாட்டுப் பழங்குடியினரான நாவா மக்களின் பழைய தாய்த்தெய்வங்களைக் காணும் பகுதியை அதில் தவறவிடாதீர்கள்.

ஒரு கவனம் தேவை. அன்ஸால்டுவா எழுதியது தெற்கு டெக்சாஸின் எல்லையிலிருந்து, அதுவும் ஒரு பெண்ணாக, தன்பால் ஈர்ப்பாளராக. அனயாவின் களமோ 1940களின் நியூ மெக்சிகோ. அன்ஸால்டுவாவின் சட்டகத்தை அப்படியே இங்கே பொருத்திவிடாமல், எங்கே பொருந்தவில்லை என்பதையும் எழுதுங்கள். நெறியாளரிடம் லூக்காஸ் காட்சியை முதலில் காட்டுங்கள்.