போகவே மாட்டாத துரையா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறேன். கிறிஸ்து அரசர் திருவிழாவில், "அவருடைய ஆட்சி நீதியானது, அதற்கு முடிவே இல்லை" என்று பாதர் பிரசங்கம் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் மகன் சிரித்தான். "ஒரு துரை போனால் இன்னொரு துரை. இவர் போகவே மாட்டாத துரை போலிருக்கிறது. இதைச் சொல்லியே உங்களைக் குனிய வைத்தார்கள் அம்மா" என்கிறான். இனிப் பூசைக்கு வரமாட்டானாம். அவனுக்கு என்ன சொல்ல? - ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் மகன் கெட்டிக்காரன். அதை அவனிடமே சொல்லுங்கள், பேச வழி பிறக்கும். "எல்லாம் மேலே போய்ச் சரியாகும்" என்று தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற மக்களைப் பொறுத்திருக்கச் சொன்ன பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதே எரிச்சல் வரும்.

திருப்பாடல் 72ஐ அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அரசனுக்கான மன்றாட்டு அது. ஏழைக்கு நியாயம் வழங்கவும் ஒடுக்குகிறவனை நொறுக்கவும் அரசனுக்கு வரம் கேட்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது குனிந்து கிடப்பார்களா?

நீங்கள் எழுதாவிட்டாலும் நிறுக்கிற இடத்தில் நடப்பது தெரிந்ததுதான். மழை நாளில் கொழுந்துச் சாக்கு தராசில் தொங்குகிறது. முள் ஆடி நிற்பதற்குள் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்தாகிவிடுகிறது. முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, அரைப் பேராகிறது. இந்தக் கழிவைப் பற்றி அந்த அரசருக்கு அபிப்பிராயம் உண்டு. கள்ளத்தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் 11. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அறுவடை செய்தவர்களின் குரல் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்று முதலாளிமாரைப் பார்த்து எழுதுகிறார் யாக்கோபு.

முடிவில்லாத ஆட்சி என்பதுதான் மகனை உறுத்துகிறது. இந்தத் திருவிழாவை 1925இல் ஏற்படுத்தியவர் பாப்பரசர் பதினொன்றாம் பயஸ். உலகப் போரில் பேரரசுகள் சரிந்து, புதிய சர்வாதிகாரிகள் தலையெடுத்த வேளை. கடைசி வார்த்தை சொல்லும் அதிகாரம் எந்த ஆட்சியாளனுக்கும் கிடையாது என்பதே அதன் உட்பொருள். நம் கதையையே பாருங்கள். 1948இல் ஒரு சட்டம் மலையகத்து மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று தலை எண்ணிப் பிரித்தன. அவர்களையும் விசாரிக்க ஒரு நீதியாசனம் உண்டு, அதன் காலம் தேர்தலோடு முடியாது என்று நம்புகிறவளுக்குத் துரையிடம் பயம் குறையும்.

துரை என்று ஒப்பிட்டானே, அதற்கும் ஒரு வார்த்தை. ஜனங்கள் பிடித்து ராஜாவாக்க வந்தபோது இயேசு தனியே மலைக்கு விலகிப் போனார். கடைசி இரவில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார். அட்டை கடித்த காலை எந்தத் துரையாவது கழுவிவிட்டதுண்டா என்று மகனிடம் கேளுங்கள்.

அவனைப் பூசைக்கு இழுக்க வேண்டாம். பாதரிடம் அவனே போய்க் கேட்கட்டும்: "நீதியுள்ள அரசரைப் பற்றிப் பேசுகிறீர்கள், நிறுவையைப் பற்றி எப்போது பேசுவீர்கள்?" பாதருக்குச் சங்கடமாக இருந்தால் இருக்கட்டும். நீங்களோ தினமும் நிறுத்த கிலோவையும் கழித்த கிலோவையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டு வந்ததும் மகனோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு இடித்தால், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் அந்தக் கொப்பியோடு இருவருமாகப் போங்கள்.